ஒரு குதிரைத்திறன் என்ன விலை?

ராயப்பேட்டை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. ஜி.பி. ரோடு என்றால்தான் ஆட்டோக்காரருக்கே புரியும். சனிக்கிழமை சாயங்காலம் உதிரிபாகக் கடை வாசலில் நாலு கல்லூரிப் பையன்கள், நடுவில் ஒரு பழைய யமஹா ஆர்எக்ஸ் 100. பேச்சு முழுக்க ஒரே விஷயம்தான். "இன்னும் கொஞ்சம் பவர் ஏத்த எவ்ளோ ஆகும்ண்ணா?"

கடைக்காரர் ஒரு தொகை சொல்வார். ஆனால் அது பிஸ்டனுக்கும் லேத் வேலைக்கும் உண்டான விலை. பவருக்கு உண்டான விலை வேறு. பையன்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

இந்தப் பைத்தியம் சென்னைக்கு மட்டும் சொந்தமில்லை. அமெரிக்காவில் யமஹா பான்ஷி என்று ஒரு நாலு சக்கர ஸ்போர்ட் குவாட் இருந்தது. 347 சிசி, இரட்டை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். இங்கே எஸ்கார்ட்ஸ் கம்பெனி 1983-ல் கொண்டுவந்த ராஜ்தூத் 350-யும் அதே 347 சிசி இரட்டை சிலிண்டர்தான். கிட்டத்தட்ட பங்காளிகள். அங்கேயும் சம்பளத்தையெல்லாம் என்ஜினில் கொட்டியவர்கள் ஏராளம். ஒரே ஒரு வித்தியாசம். அந்தக் குவாட் மணல்மேட்டில் ஓடுவதற்கென்று செய்யப்பட்டது. ராயப்பேட்டையில் பவர் ஏற்றிய வண்டி மணிக்கூண்டு சிக்னலில் வந்து நிற்கிறது.

சரி, கணக்குக்கு வருவோம். ஆர்எக்ஸ் 100-ன் சிலிண்டர் விட்டம் 50 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக்கும் 50. பெருக்கிப் பார்த்தால் 98 சிசி. 1985-லிருந்து 1996 வரை வந்த அந்த வண்டி 7500 ஆர்பிஎம்மில் கொடுத்தது 11 குதிரைத்திறன். போர் பண்ணி விட்டத்தை 52 ஆக்கினால் 106 சிசி. அதாவது எட்டு சதவீதம் கூடுதல். எல்லாம் சரியாக அமைந்தாலும் கூடுதலாகக் கிடைப்பது ஒரு குதிரைத்திறன்கூட இல்லை!

அதற்கு மேல் வேண்டுமென்றால் ஹெட்டைச் சீவி கம்ப்ரஷன் ஏற்ற வேண்டும், போர்ட்டுகளை ராவ வேண்டும், பெரிய கார்புரேட்டர், வேறு சைலன்சர். இதெல்லாம் செய்து என்ஜினை 10,000 ஆர்பிஎம்முக்குக் கொண்டுபோனால் கனெக்டிங் ராடு மேல் விழும் இழுவிசை ஏறத்தாழ 1.8 மடங்கு ஆகிறது. வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும் விசை அது. உடனே கிராங்க், பேரிங் எல்லாவற்றுக்கும் செலவு. சூடு கூடும், ஆனால் காற்றில் குளிரும் அந்த ஃபின்கள் அதே அளவுதான். கார்புரேட்டர் ஜெட்டில் கொஞ்சம் பெட்ரோல் குறைந்தால் போதும், பிஸ்டனில் ஓட்டை விழும். மறுபடியும் ஜி.பி. ரோடு...

பி.காம் முதல் வருடத்தில் குறைந்து செல் விளைவு விதி என்று ஒன்று வரும். தேர்வுக்கு மனப்பாடம் செய்து மறந்துபோகிற விதி. அதற்கு இதைவிட நல்ல உதாரணம் புத்தகத்தில் இல்லை. முதல் குதிரைத்திறன் மலிவு. அடுத்தது அதைவிட அதிகம். மூன்றாவதுக்குப் போகும்போது, வாங்கியதைக் காப்பாற்றவே செலவு செய்ய வேண்டியிருக்கும். "இவ்வளவு போட்டாச்சு, இனி விட முடியுமா" என்று பையன்கள் சொல்வதற்கும் பாடத்தில் பெயர் உண்டு. மூழ்கிய செலவு.

இத்தனையும் பில்லில் வருகிற செலவு. பில்லில் வராதது இனிமேல்தான். வண்டியின் டிரம் பிரேக் 11 குதிரைத்திறனுக்காகச் செய்தது. வேகம் அறுபதிலிருந்து தொண்ணூறு ஆனால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் இரண்டேகால் மடங்கு. என்ஜினுக்குக் கடன் வாங்கியாவது செலவு செய்கிறவர்கள் பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை.

அடுத்தது சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவை வைத்து, தயாரிப்பாளர் கொடுத்த மூல அமைப்பை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதே வருடம் வந்த திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் புரட்டுவதும் இதைத்தான்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு செலவு உண்டு. அதைப் பையன் கட்டுவதே இல்லை. ராத்திரி பத்து மணிக்குக் கடையை மூடிவிட்டு சாலையைக் கடக்கிறவர் கட்டுகிறார். ராயப்பேட்டை அரசு மருத்துவமனை வாசலில் விடிய விடிய உட்கார்ந்திருக்கும் அம்மா கட்டுகிறார். ஜி.பி. ரோட்டிலிருந்து அந்த வாசல் ரொம்ப தூரமில்லை.

அப்படியானால் ஆசையே தப்பா? இல்லை. ஒரு என்ஜினைப் பிரித்து, சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லும் மெக்கானிக்கின் அறிவு எந்தக் கல்லூரியிலும் கிடைக்காது. வேகத்துக்கும் இந்த ஊரில் பழைய மரியாதை உண்டு. சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயம் பார்க்கக் கூட்டம் கூட்டமாகப் போன ஊர் இது. இப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் பந்தயப் பாதை இருக்கிறது. அங்கேயும் ஆபத்து உண்டு; 2023-ல் அங்கே வீரர்கள் உயிரிழந்தார்கள். ஆனால் அங்கே ஹெல்மெட், லெதர் உடை, லைசென்ஸ், ஓரத்தில் ஆம்புலன்ஸ் எல்லாம் கட்டாயம். முக்கியமாக, எதிரே பால் வாங்கப் போகும் யாரும் வர மாட்டார்கள்.

அங்கே போக இன்னும் செலவாகுமே என்பார்கள். ஆமாம், ஆகும். அதுதான் அந்தக் குதிரைத்திறனின் உண்மையான விலை. சாலையில் ஓட்டும்போது அது மலிவாகத் தெரிவதற்குக் காரணம், மீதித் தொகையை வேறு யாரோ கட்டுவதுதான்.

ஆகவே அடுத்த முறை ஜி.பி. ரோட்டில் "எவ்ளோ ஆகும்ண்ணா?" என்று கேட்பவர் கூடவே இன்னொரு கேள்வியும் கேட்கட்டும். "யாருக்கு ஆகும்?"