பள்ளியோடு நின்றுவிடலாமா தாய்மொழி?

நம் ஓசூர்ப் பேருந்து நிலையத்தில் சற்று நேரம் நின்றால் தமிழும் தெலுங்கும் கன்னடமும் மாறி மாறிக் காதில் விழும். 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது எல்லைக் கோடு நிலத்தில் விழுந்ததேயன்றி மக்கள் நாவில் விழவில்லை. தளி, தேன்கனிக்கோட்டை, பாகலூர்ப் பகுதிகளில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன.

மதத்தாலோ மொழியாலோ சிறுபான்மையினராக இருப்போர் தாம் விரும்பும் கல்வி நிலையங்களை நிறுவி நடத்தலாம் என்கிறது அரசியலமைப்பின் 30-ஆம் பிரிவு. அரசு உதவி வழங்குவதில் அவற்றுக்குப் பாகுபாடு கூடாது என்றும் அது விதிக்கிறது. நம் கத்தோலிக்கப் பள்ளிகளுக்குக் கேடயமாக நிற்பதும் இதே பிரிவுதான். ஆகவே மொழிச் சிறுபான்மையினருக்காகப் பேசுவது நமக்கும் கடமையாகும்.

1956-இல் சேர்க்கப்பட்ட 350-ஏ பிரிவு, இவர்களுடைய குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்யச் சொல்கிறது. உயர்கல்வியைப் பற்றி அது பேசவில்லை. கல்லூரியில் அம்மொழிக்கு ஆசிரியர் பணியிடம் இல்லையேல் பட்டதாரிகள் உருவாவதெப்படி? பட்டதாரிகள் இல்லையேல் நாளை பள்ளிக்கு ஆசிரியர்கள் எங்கிருந்து வருவார்கள்? ஊற்று வற்றினால் வாய்க்கால் வெட்டிப் பயனென்ன?

சில மாணவியருக்காக இவ்வளவு செலவா என்று கேட்போர் உண்டு. எண்ணிக்கை குறைவாக இருப்பதால்தான் தனியார் முன்வருவதில்லை. அதனாலேயே பொதுப்பணம் தேவைப்படுகிறது. தமிழுக்கு ஊறு வருமே என்று அஞ்சவும் வேண்டாம். பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தை நாம் வரவேற்கிறோம். தமிழை நன்கு கற்ற பெண் தன் தாய்மொழியையும் கற்பதால் தமிழுக்கு என்ன குறை?

நம் மாவட்ட எல்லைக்கு அப்பால், குப்பத்தில், ஆந்திர அரசு 1997-இல் நிறுவிய திராவிடப் பல்கலைக்கழகத்தில் தெலுங்கோடு தமிழுக்கும் கன்னடத்துக்கும் இடமளிக்கப்பட்டது. சிறுபான்மை என்பதை மாநில அளவில் கணக்கிட வேண்டும் என 2002-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இங்கே பெரும்பான்மையினரான நாம் அத்திப்பள்ளியைத் தாண்டினால் சிறுபான்மையினர். பெங்களூரிலும் கோலார் தங்கவயலிலும் தமிழ்ப் பிள்ளைகளுக்காக நாம் கேட்பதை இங்குள்ள தோழியருக்கு மறுப்பது அறமாகுமா?

புதிய பல்கலைக்கழகம் கேட்கவில்லை. நம் மாவட்ட அரசுக் கல்லூரியொன்றில் இவ்விரு மொழிகளுக்கும் நிலையான ஆசிரியர் பணியிடங்களும், பயிலும் ஏழை மாணவியருக்கு உதவித்தொகையும் உறுதியானால் போதும்.

பெந்தகோஸ்து நாளில் தூய ஆவியார் எல்லாரையும் ஒரே மொழிக்குள் அடக்கவில்லை. அவரவர் தம் தாய்மொழியிலேயே கேட்கச் செய்தார். நம் தோழியரின் மொழிக்கும் அம்மதிப்புக் கிட்ட மன்றாடுவோம், குரலும் கொடுப்போம்!