மலையடிவாரத்து வெல்வெட்

மார்கழி பிறந்துவிட்டால் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர்ப் பக்கத்தில், விளக்கேற்றும் நேரத்துக்கே குளிர் வந்து தோளைத் தொட்டுவிடும். பட்டணத்திலிருந்து மலை பார்க்க வருகிறவர்கள், பெட்டியின் அடியில் வருஷம் முழுவதும் தூங்கிய குளிர் சட்டைகளை அப்போதுதான் தட்டி எழுப்புகிறார்கள். அந்தக் கம்பளிகளுக்கு நடுவே, பளபளப்பே இல்லாமல், தேன் நிறத்தில், வெல்வெட்டைப் போல ஒரு ஜாக்கெட் தென்பட்டால் அதுதான் ‘ஸ்வேட்’ தோல் ஜாக்கெட். ஜாக்கெட் என்றதும் நம் ரவிக்கையை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது குளிருக்குப் போடும் மேல்சட்டை!

“இது என்ன, தோலை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பித் தைத்திருக்கிறதே!” என்று வீட்டில் ஒரு பாட்டி கேட்டால் சிரித்துவிடாதீர்கள். பாட்டி சொல்வது சரிதான். ஆட்டுத் தோலில் ரோமம் இருந்த பக்கம் வழவழப்பானது. சதையை ஒட்டியிருந்த பக்கம் நாரும் இழையுமானது. அந்த உள்பக்கத்தை உப்புக் காகிதம் சுற்றிய உருளையில் தேய்த்துப் பூம்பஞ்சு எழும்பச் செய்தால் ஸ்வேட் கிடைக்கிறது. ஒரு காலத்தில் பிரெஞ்சுச் சீமாட்டிகள் இந்தத் தோலில் செய்த கையுறைகளை ‘ஸ்வீடன் கையுறை’ என்று அழைத்தார்கள். பிரெஞ்சு மொழியில் ஸ்வீடனுக்கு வழங்கும் பெயரே தோலுக்கும் நிலைத்துவிட்டது.

பெயர் சீமைப் பெயரானாலும் சரக்கு அவ்வளவு தூரத்தது அல்ல. மலையிலிருந்து ஆலங்காயம் வழியாகக் கீழே இறங்கினால் வாணியம்பாடி. அங்கிருந்து சற்றுத் தூரத்தில் ஆம்பூர். பாலாற்றோடு கிழக்கே போனால் ராணிப்பேட்டை. மூன்றும் தோல் பதனிடுவதில் பேர்பெற்ற ஊர்கள். முன்பெல்லாம் ஆவாரம் பட்டையில் வாரக்கணக்கில் ஊறவைத்து, கடுக்காய் நீரில் நிறம் தெளியவைத்துத் தோலைப் பதனிட்டார்கள். ஜவ்வாது மலைக் காடுகளில் கடுக்காய்க்குப் பஞ்சமில்லை. நம் வீட்டில் வயிற்றுக்கு இழைத்துக் கொடுக்கும் அதே கடுக்காய்தான்! அப்படிப் பதனிட்ட சென்னை மாகாணத்துத் தோல், ‘ஈஸ்ட் இந்தியா தோல்’ என்ற பெயரில் லண்டன் சந்தை வரை போயிற்று.

இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர் சென்னையில் குரோம் உப்பைக் கொண்டு பதனிடும் முறையைப் பரிசோதித்துக் காட்டினார். 1948-இல் அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. 1970-களில், அரைப்பதத் தோலாகவே ஏற்றுமதி செய்வதை அரசாங்கம் கட்டுப்படுத்தியபோது, முழுப்பதம் செய்வதும் காலணி, உடை தைப்பதும் நம் ஊரிலேயே பெருகின. இன்று ஆம்பூர்ப் பக்கத்துக் காலணித் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

சரி, கடைக்குப் போவோம். பஞ்சு எழுந்த தோல் எல்லாம் ஒன்றல்ல. துணியில் பட்டு, பருத்தி என்று பிரித்தறியும் நம் கைக்கு இதையும் பிரித்தறிவது பெரிய காரியமில்லை.

முதலாவது, ஆட்டுத் தோல் ஸ்வேட். இழை நெருக்கமானது, பஞ்சு குட்டையாக, பட்டுப்போல இருக்கும். ஜாக்கெட்டுக்கு இதுவே உயர்ந்தது. விரலால் கோடு போட்டால் கோடு தெரியும். எதிர்ப்பக்கம் தடவினால் மறையும்.

இரண்டாவது, மாட்டுத் தோலை இயந்திரத்தில் இரண்டாகப் பிளந்து, அடிப்பாதியில் செய்வது. பஞ்சு நீளமாக, கொஞ்சம் முரடாக இருக்கும். விலை குறைவு. பைக்கும் செருப்புக்கும் போதும். ஜாக்கெட்டாக வாங்கினால் கனக்கும்.

மூன்றாவது, நுபக். இது பாட்டியின் கணக்குக்கு அகப்படாதது. தோலின் மேல்பக்கத்தையே இலேசாகத் தேய்த்து உண்டாக்குவது. பஞ்சு இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு நுண்மை. மேல்பக்கம் ஆதலால் உறுதியும் அதிகம், விலையும் அதிகம்.

கார் கண்ணாடி துடைக்கும் மஞ்சள் நிற ஷமாய் தோலும் ஒரு வகையில் இவற்றுக்கு உறவுதான். செம்மறித் தோலின் உள்பாதியை மீன் எண்ணெயில் பதனிட்டது அது. மற்றவை தண்ணீரைக் கண்டு பயப்படும். இது மட்டும் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சும்மா இருக்கும். ‘நாப்பா’ என்று கடைக்காரர் சொல்லும் தோலுக்கும் பஞ்சுக்கும் சம்பந்தமில்லை. அது வழவழப்பான மெல்லிய தோல்.

தோலே இல்லாத ஸ்வேட்டும் உண்டு. 1970-இல் ஜப்பானின் டோரே கம்பெனி நுண்ணிழையில் ஒன்றை உண்டாக்கியது. அது நல்ல துணிதான். தோல் என்று சொல்லித் தோல் விலைக்கு விற்றால்தான் வம்பு. வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். தோலானால் நார் நாராக ஒரே உடம்பாக இருக்கும். நெய்த இழையோ ஒட்டுப் போட்ட அடுக்கோ தெரிந்தால் பணப்பையை மூடிவிடலாம்.

வாங்கிவந்த பிறகு? மற்றத் தோலுக்குப் போல எண்ணெய், பாலிஷ் எதுவும் கூடாது. வாரத்துக்கு ஒரு முறை மிருதுவான பிரஷ்ஷால் ஒரே திசையில் தடவுங்கள். அழுக்குப் பிடித்த இடத்தைப் பிள்ளைகளின் பென்சில் ரப்பர் போக்கிவிடும். எண்ணெய் சிந்திவிட்டால் தேய்க்காதீர்கள். டால்கம் பவுடரைத் தூவி ஓர் இரவு விட்டு, காலையில் தட்டிவிடுங்கள். நனைந்தால் வெயிலிலும் அடுப்பருகிலும் காட்டாமல் நிழலில் காற்றாட விடுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் ஐப்பசி மழையில் பூஞ்சை குடியேறிவிடும். பழைய பருத்தித் தலையணை உறையே சிறந்த பெட்டி.

ஒரு ஜாக்கெட்டுக்கு இவ்வளவு உபசாரம் எதற்கு என்று கேட்பீர்கள். கடைக்காரரிடம் கொடுத்த விலைக்காக மட்டும் அல்ல. அந்த மென்மைக்கு இன்னொரு விலையும் கொடுத்தாகிவிட்டது. தோல் கழுவிய உப்பும் குரோமும் கலந்த கழிவுநீர் வருஷக்கணக்கில் பாலாற்று மணலில் இறங்கியது. கரையோரக் கிணறுகள் கெட்டன. குடத்தை எடுத்துக்கொண்டு நல்ல தண்ணீருக்கு நடந்தவர்கள் நம்மைப்போன்ற பெண்கள்தான். வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 1996 ஆகஸ்டில் வந்த தீர்ப்பு, கெடுத்தவரே செலவைக் கொடுக்க வேண்டும் என்ற விதியை நம் நாட்டுச் சட்டத்தில் உறுதியாக்கியது. ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஏற்பட்டன. ஆனாலும் காயம் ஆறிவிடவில்லை. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு நஷ்டஈடு கொடுத்து, அதைக் கெடுத்தவர்களிடமே வசூலிக்கும்படி மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது.

அதற்காகத் தோலே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. அந்தத் தொழிலை நம்பி அடுப்பு எரியும் வீடுகள் ஆயிரமாயிரம். ஆனால் வருஷத்துக்கொன்று வாங்கி, பூஞ்சை பிடித்ததும் குப்பையில் எறிய இது காகிதப் பூ அல்ல. அவசியமானால் நல்லதாக ஒன்று வாங்குங்கள். அம்மா போட்டதை மகளும் போடும்படி வைத்திருங்கள். கழிவுநீரை என்ன செய்கிறார்கள் என்று கடையில் ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் வராவிட்டாலும், வாங்குகிறவர்கள் இதையும் கேட்கிறார்கள் என்பது அவர்கள் காதில் விழட்டும்.