விழிப்புணர்வு இல்லையாம் நமக்கு!

அரசு மருத்துவக் காப்பீட்டில் எதிர்பார்த்த அளவுக்கு மக்கள் சேரவில்லை என்ற பேச்சு வந்தாலே அடுத்த வாக்கியம் தயாராக இருக்கிறது: “மக்களிடம் போதிய விழிப்புணர்வு இல்லை.” அதிகாரி சொல்கிறார். தொண்டு நிறுவனம் சொல்கிறது. சமூகப்பணி படித்துவிட்டு வரும் நம் தம்பி தங்கைகளும் களஆய்வு அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் அதையே எழுதுகிறார்கள். உடனே ஒரு பேரணி, ஒரு ஃபிளக்ஸ், ஒரு வீதி நாடகம். அடுத்த ஆண்டும் அதே வாக்கியம்.

இந்த வாக்கியத்தை நாம் ஏற்கக் கூடாது. கதவைப் பூட்டி வைத்துவிட்டு, உள்ளே வரத் தெரியாதவர்கள் என்று வெளியே நிற்பவர்களைத் திட்டுகிற வேலை இது.

முதலில் எண்ணைப் பார்ப்போம். 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2018இல் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்து, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்றானது. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஒருவராவது ஏதோ ஒரு மருத்துவக் காப்பீட்டில் இருக்கும் குடும்பங்கள் தமிழ்நாட்டில் 2015-16இல் சுமார் 64 விழுக்காடு. 2019-21இல் சுமார் 66 விழுக்காடு. இந்திய அளவில் 41தானே, நாம் எவ்வளவோ மேல் என்று மார்தட்டிக்கொள்ளலாம். ஆனால் மூன்றில் ஒரு வீடு இன்னும் வெளியே நிற்கிறது. அந்த வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்பதுதான் நம் கேள்வி.

பொதட்டூர்பேட்டையை எடுத்துக்கொள்வோம். பள்ளிப்பட்டு வட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டிய விசைத்தறி ஊர். காப்பீட்டு அட்டைக்கு வழக்கமான வழி இது: ரேஷன் கார்டு, ஆதார், வி.ஏ.ஓ. கையெழுத்திட்ட வருமானச் சான்று. இவற்றை எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு திருவள்ளூர் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போய்ப் புகைப்படமும் கைரேகையும் கொடுக்க வேண்டும். திருத்தணிக்கு ஒரு பஸ், அங்கிருந்து திருவள்ளூருக்கு இன்னொரு பஸ் அல்லது ரயில். மாவட்டத்தின் மறுகோடியில் கும்மிடிப்பூண்டி. அங்கிருந்து ரயிலில் வர நினைத்தால் சென்னைக்குள் போய்த்தான் திரும்ப வேண்டும்.

தறி ஓட்டுகிறவருக்கு ஓட்டிய அளவுக்குத்தான் கூலி. சிப்காட் ஒப்பந்தத் தொழிலாளிக்கு வராத நாளுக்குச் சம்பளம் கிடையாது. வி.ஏ.ஓ.வைப் பார்க்க ஒரு நாள், திருவள்ளூருக்கு ஒரு நாள், அங்கே ‘சர்வர் வேலை செய்யவில்லை’ என்றால் இன்னொரு நாள். இலவச அட்டைக்கு மூன்று நாள் கூலி விலை. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம் ஜனங்கள் ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்கிறார்கள். அவர்களுக்குக் கணக்கு நன்றாகவே தெரியும்.

முகாம் போடுகிறோமே என்பார்கள். போடுகிறீர்கள். வேலை நாளில், பகல் பத்து மணிக்கு, ஊருக்குள் இருக்கும் மண்டபத்தில். காலனியில் போட்டது எத்தனை? செங்கல் சூளையில் போட்டது எத்தனை?

அடுத்தது வருமான வரம்பு. 72,000 ரூபாயாக இருந்ததை 2022இல் 1,20,000 ஆக உயர்த்தினார்கள். அதாவது மாதம் 10,000. கணவனும் மனைவியும் ஆளுக்கு 200 ரூபாய் தினக்கூலி வாங்கி, மாதம் 26 நாள் உழைத்தால் 10,400 ரூபாய். வரம்பைத் தாண்டிவிட்டார்கள், பணக்காரர்கள் ஆகிவிட்டார்கள்! இன்றைய கூலிக்கு உண்மையைச் சொன்னால் பாதிக் காலனிக்கு அட்டை கிடையாது. ஆகவே குறைத்து எழுதித் தரும்படி அலுவலகத்தில் கெஞ்ச வேண்டும். யாருக்கு எழுதித் தருவது, யாரை நாளைக்கு வா என்று அனுப்புவது என்பது மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் மனசு. சாதி நுழைவதற்கு இதைவிட வசதியான சந்து வேறென்ன வேண்டும்? உரிமையைத் தயவாக மாற்றிவிட்டால் போதும், மிச்சத்தை ஊர் பார்த்துக்கொள்ளும்.

சூளையிலும் அரிசி ஆலையிலும் வேலை செய்யும் இருளர் குடும்பங்களின் நிலை இன்னும் மோசம். நம் மாவட்டத்தில் அவர்கள் கணிசமாக வாழ்கிறார்கள். முன்பணத்துக்குக் கட்டுண்டு இடம் மாறிக்கொண்டே இருப்பவர்கள். ரேஷன் கார்டே இல்லாத குடும்பத்துக்கு, ரேஷன் கார்டைக் காட்டினால் காப்பீடு என்கிறது அரசு.

கைரேகை இன்னொரு தடை. கல் அறுத்து, சாக்கடை அள்ளி, சாயத்தில் ஊறித் தேய்ந்த விரலை இயந்திரம் ஏற்பதில்லை. ஆனால் அதே அமைப்பின் லட்சணத்தை 2023 ஆகஸ்டில் வெளியான சி.ஏ.ஜி. அறிக்கை காட்டியது. ஆயுஷ்மான் பாரத் தரவுகளில் ஏறத்தாழ 7.5 லட்சம் பயனாளிகள் ‘9999999999’ என்ற ஒரே செல்பேசி எண்ணில் இருந்தார்கள். தமிழ்நாட்டில் ஏழே ஏழு ஆதார் எண்களில் 4,761 பதிவுகள். போலிக்கு வழிவிடும் கணினி, உழைத்துத் தேய்ந்த விரலிடம் மட்டும் கறாராக இருக்கிறது.

“ஆஸ்பத்திரியில் படுத்த பிறகுதான் கார்டைத் தேடுகிறார்கள்” என்று கேலி பேசுகிறவர்களும் உண்டு. ஏன் தேட மாட்டார்கள்? இந்த அட்டை பெரும்பாலும் உள்நோயாளிச் சிகிச்சைக்கும் அறுவைச் சிகிச்சைக்கும்தான். பஞ்சுத்தூசியில் வரும் இருமலுக்கும், இடுப்பு வலிக்கும், சர்க்கரை மாத்திரைக்கும் இது உதவாது. என்றோ வரப்போகும் ஆபரேஷனுக்காக இன்றைய சோற்றுக் காசை இழக்கச் சொல்லிவிட்டு, மறுத்தால் அறியாமை என்பதா?

இங்கேதான் ஈ.எஸ்.ஐ. பற்றிப் பேச வேண்டும். 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைக்குப் பொறுப்பாக இருந்தவர் அண்ணல் அம்பேத்கர். அந்தக் காலத்தில்தான் பி.பி. அடார்கர் தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டு அறிக்கையை அளித்தார். அதிலிருந்து பிறந்தது 1948ஆம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. சட்டம். அதில் புறநோயாளிச் சிகிச்சை உண்டு, மருந்து உண்டு, நோயால் வேலைக்குப் போக முடியாத நாளுக்கு 70 விழுக்காடு கூலி உண்டு, பேறுகால விடுப்பு உண்டு. தொழிலாளி 0.75 விழுக்காடு, முதலாளி 3.25 விழுக்காடு கட்ட வேண்டும். அதில் எந்தத் தலைவரின் படமும் இல்லை. அது யாரும் போடும் பிச்சை அல்ல, நம் கூலியின் பகுதி.

அது ஏன் நம் கைக்கு வரவில்லை? பத்துப் பேருக்குக் குறைவான தறிக்கூடம் சட்டத்துக்கு வெளியே. சிப்காட்டில் ஒப்பந்தக்காரர் ஆளைச் சேர்ப்பார், பெயரைச் சேர்க்க மாட்டார். ஆபத்தான, அழுக்கான ஒப்பந்த வேலையில் யார் அதிகம் நிற்கிறார்கள் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதலாளிக்குத்தான் இங்கே சட்ட விழிப்புணர்வு வேண்டும். அவருக்காக யாரும் வீதி நாடகம் போடுவதில்லை.

அரசால் முடியாத காரியமா இது? 2021இல் கொரோனா நிவாரணம் 4,000 ரூபாயை அரிசி அட்டைக்காரர்களுக்கு இரண்டே தவணையில் ரேஷன் கடையிலேயே கொடுத்தார்கள். வருமானச் சான்று கேட்டார்களா? திருவள்ளூருக்கு வரச் சொன்னார்களா? 2021 ஆகஸ்டிலிருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. நல்ல திட்டம், வரவேற்கிறோம். மாத்திரை வரும் வாசலுக்கு அட்டை ஏன் வரவில்லை?

நம் கோரிக்கைகள் எளிமையானவை. அரிசி அட்டை இருந்தாலே காப்பீடு, தனி விண்ணப்பம் கூடாது. அட்டையே இல்லாத இருளர், சூளைத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அவர்கள் வாழும் இடத்திலேயே பதிவு நடக்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர் ஒவ்வொருவரின் ஈ.எஸ்.ஐ. எண்ணையும் முதன்மை நிறுவனம் காட்ட வேண்டும். எத்தனை குடும்பங்களுக்குக் காப்பீட்டு நிறுவனத்துக்குப் பிரீமியம் போகிறது, எத்தனை குடும்பங்கள் கையில் அட்டை இருக்கிறது என்ற இரண்டு எண்களையும் ஊர்வாரியாக, சமூகவாரியாக வெளியிட வேண்டும்.

மாணவத் தோழர்களே, அடுத்த முறை காலனிக்குப் போகும்போது துண்டறிக்கையை வைத்துவிட்டு நோட்டை எடுத்துப் போங்கள். வீடு வீடாகக் கேளுங்கள்: அட்டை இருக்கிறதா, இல்லையென்றால் எந்த இடத்தில் திருப்பி அனுப்பினார்கள், எத்தனை நாள் கூலி போனது? அந்தப் பட்டியலோடு திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள். கிராம சபையில் தீர்மானமாக வையுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மேலே சொன்ன இரண்டு எண்களையும் கேளுங்கள். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ‘விழிப்புணர்வு இல்லை’ என்ற வரிக்குப் பதிலாக, திருப்பி அனுப்பிய அலுவலகத்தின் பெயரை எழுதுங்கள்.

ஜெய்பீம்!