பங்குனியில் பழம் கேட்டால் 'கல்' பழம்தான் கிடைக்கும்!

ஊருக்கெல்லாம் பத்தியம் சொல்கிற இந்த வைத்தியன், தன் வீட்டில் கோட்டை விட்ட கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன், பங்குனி மாதக் கடைசி. எங்கள் வீட்டில் சித்திரை முதல் நாள் கனி காணும் வழக்கம் உண்டு. "தட்டுல வைக்க மாம்பழம் இல்லாம எப்படிங்க?" என்றார் என் மனைவி. மதுரையில் ஒரு பழக்கடையில் மஞ்சள் மஞ்சேலென்று அடுக்கி வைத்திருந்தார்கள். விலை கொஞ்சம் கூடுதல்தான். பேசாமல் வாங்கி வந்துவிட்டேன். கனி கண்டு முடிந்ததும் நாலு வயதுப் பேத்தி இரண்டு பழத்தைத் தின்றாள். சாயங்காலம் வாயெல்லாம் எரிச்சல். ராத்திரி இரண்டு தடவை வாந்தி. மறுநாள் சரியாகிவிட்டது என்றாலும் வீட்டில் யாரும் தூங்கவில்லை.

மிச்சம் இருந்த பழத்தை வெட்டிப் பார்த்தேன். மேல்தோல் முழுக்க ஒரே மஞ்சள். உள்ளே கொட்டையை ஒட்டி வெளுத்துப் போன சதை. காம்புப் பக்கம் மோந்து பார்த்தால் வாசனையே இல்லை. வாந்திக்கு இந்தப் பழம்தான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால், அது பழுத்த பழம் இல்லை என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியாமல் போனதா? தெரிந்தேதான் வாங்கினேன்.

தோட்டத்து வாசலில் கிடைத்த பாடம்

நத்தம் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் முழங்கால் வலிக்காகப் பல வருடமாக என்னிடம் வருகிறார். கோடை வந்தால் தோப்பு வாசலிலேயே கீற்றுப் பந்தல் போட்டு, தராசு வைத்துக் குடும்பத்தோடு வியாபாரம். வைகாசியில் அந்தப் பக்கம் போனபோது நடந்ததைச் சொல்லி, "இப்படி விஷத்தை விக்கிறாங்களே ஐயா!" என்று பொருமினேன்.

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "வைத்தியரய்யா, கோவிச்சுக்கக் கூடாது. பங்குனியில எங்க தோப்புல வடுவும் பிஞ்சுக்காயும்தான் தொங்கும். அப்ப வந்து பழம் எங்கேன்னு நீங்க கேட்டா, யாரோ ஒருத்தன் எப்படியாவது பழமாக்கித்தான் குடுப்பான். கேக்குற ஆளு இருக்கிறதாலதானே வைக்கிறான்?"

எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னதில் என்ன தப்பு, நீங்களே சொல்லுங்கள்!

பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் குணபாடம் படிக்கும்போதே எங்களுக்குச் சொல்லித் தந்த அரிச்சுவடி இது: ஒரே மரத்தில் விளைந்தாலும் பிஞ்சுக்கு ஒரு குணம், காய்க்கு ஒரு குணம், கனிக்கு வேறு குணம். பிஞ்சு துவர்க்கும், காய் புளிக்கும், கனி இனிக்கும். சுவை மாறினால் உடம்பில் அது செய்கிற வேலையும் மாறும். கல் வைத்த பழம் என்ன ஆகிறது? நிறத்தால் கனி, குணத்தால் காய். கனி என்று நம்பி நாம் தின்பது காயைத்தான்.

நம் முன்னோர் மாசி, பங்குனியில் மாவடு ஊறவைத்தார்கள். சித்திரைப் பிறப்புக்கு மாங்காய்ப் பச்சடி செய்தார்கள். வைகாசி, ஆனியில் பழம் தின்றார்கள். அந்தந்த மாதத்துக்கு மரமே ஒரு பண்டம் தருகிறதே! அந்தக் கணக்கை மாற்றியது யார்? மரமா, நாமா?

கல் என்ன செய்கிறது?

'கல்' என்று பேச்சு வழக்கில் சொல்வது கால்சியம் கார்பைடை. இதில் ஈரம் பட்டால் அசிட்டிலீன் வாயு வரும். வெல்டிங் பட்டறையில் எரிப்பார்களே, அதே வாயுதான். பெட்டிக்குள் பழத்தோடு பொட்டலமாகக் கட்டி வைத்தால் தோல் சீக்கிரம் மஞ்சளாகும். தொழிற்சாலைகளுக்காகத் தயாரிக்கும் இந்தக் கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பும் இருக்கும். ஆகவேதான் பழம் பழுக்க வைக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் தடை செய்திருக்கின்றன. அதற்கு முந்தைய உணவுக் கலப்படத் தடைச் சட்ட விதிகளிலும் இந்தத் தடை இருந்தது.

இதற்கு மாற்றாக எத்திலீன் வாயுவைப் பயன்படுத்த 2016-இல் அனுமதி கொடுத்தார்கள். காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு வரை வைத்துக்கொள்ளலாம். எத்திலீன், பழுக்கும்போது பழமே தனக்குள் உண்டாக்கிக்கொள்கிற வாயு. அதனால் அதைப் பார்த்து மிரள வேண்டாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எந்த வாயுவாலும் காயைப் பழுக்க வைக்க முடியுமே தவிர, முற்ற வைக்க முடியாது. முற்றுவது மரத்தில்தான் நடக்க வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும்.

அந்த நாளைக் கொடுக்க நாம் தயாராக இல்லை என்பதுதான் என் வருத்தம். பூத்த உடனேயே பல தோப்புகள் குத்தகைக்குப் போய்விடுகின்றன. சீசன் தொடக்கத்தில் விலை அதிகம் என்பதால், குத்தகைதாரர் முற்றாத காயையும் பறித்து அனுப்புகிறார். நாமும் முந்தியடித்து வாங்குகிறோம். அப்புறம் நிஜமான பழம் குவியும் நேரத்தில் நமக்கு மாம்பழமே அலுத்துவிடுகிறது! 2025 கோடையில் கிருஷ்ணகிரிப் பக்கம் கிளிமூக்கு மாங்காய் விலை கிலோ 5 ரூபாய் அளவுக்கு இறங்கி விவசாயிகள் தவித்ததைச் செய்திகளில் படித்திருப்பீர்கள். கூழ் ஆலைகளின் கொள்முதல், அதிக விளைச்சல் என்று அதற்குப் பல காரணங்கள் உண்டு. இருந்தாலும், பங்குனியில் கிலோ இருநூறு ரூபாய் கொடுத்துப் பச்சைக்காயைத் தின்றுவிட்டு, ஆனியில் நல்ல பழத்தைத் திரும்பிப் பார்க்காத நமக்கும் அதில் பங்கு இல்லையா?

பந்தலில் என்ன வாங்கலாம்?

பெரியவரின் பந்தலுக்கு வைகாசியில் போய்ப் பாருங்கள். செந்தூரம், காசா, கல்லாமை, இமாம்பசந்த் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு கூடையில். எல்லாம் ஒரே அளவில் இருக்காது. சிலது பச்சை, சிலது அரைப் பழம், ஒன்றிரண்டில் அணில் கடித்த தழும்பு. தொரட்டிக் கம்பில் வலை கட்டி, கீழே விழாமல் காம்போடு பறித்து, பால் வடிய வைத்து, வைக்கோலில் அடுக்குகிறார்கள். ஒரு வாரம் போல ஆகும். அவ்வளவுதான் ரகசியம்.

மாம்பழத்தோடு நிற்காதீர்கள். கிணற்றுப் பாய்ச்சலில் விளைந்த வெள்ளரிப் பிஞ்சு, சுரைக்காய், பீர்க்கங்காய், புடலங்காய் எல்லாம் அந்தப் பந்தலிலேயே இருக்கும். முருங்கைக்காய் கட்டுக் கட்டாக இருக்கும். வரப்போரப் பனையில் இறக்கிய நுங்கும் கிடைக்கும். வேனில் காலத்தில் உடம்பின் ஈரம் வற்றும், பசி மந்தமாகும் என்கிறது சித்த மருத்துவம். அதே காலத்தில் பூமி நமக்கு நீர்க்காய்களாகத் தருவதைக் கவனித்தீர்களா? வெள்ளரியில் நூற்றுக்கு 95 பங்கு தண்ணீர்தான். ஒரு நாளைக்குக் காயும் பழமுமாக 400 கிராமாவது சாப்பிடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். கோடையில் அது ஒன்றும் பெரிய காரியம் இல்லை.

"எங்க தெருவுல தோப்பு எங்கே டாக்டர் இருக்கு?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். உங்கள் ஊரில் உழவர் சந்தை இருக்கிறதா, பாருங்கள். 1999 நவம்பரில் மதுரையில்தான் முதல் சந்தை தொடங்கியது. இப்போது தமிழ்நாடு முழுக்க இருக்கிறது. இல்லையென்றால் அக்கம்பக்கத்தில் நாலு வீடு சேர்ந்து, தெரிந்த தோப்பிலிருந்து இரண்டு கூடை முற்றிய காயாகவே வரவழையுங்கள். வீட்டில் வைக்கோல் இல்லாவிட்டால் அரிசி டிரம் இருக்கிறதே! பாட்டி காலத்து வித்தை இன்றும் பலிக்கும். பழுக்கும் வரை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. சாலையோரப் பந்தல் எல்லாமே தோட்டத்துப் பந்தல் அல்ல. மண்டியிலிருந்து பெட்டியில் வாங்கி வந்து கீற்றுக்கொட்டகையில் அடுக்குகிறவர்களும் உண்டு. பந்தலுக்குப் பின்னால் மரம் தெரிகிறதா என்று பாருங்கள். "இன்னைக்குப் பறிச்சது எது?" என்று கேளுங்கள். தோட்டக்காரர் என்றால் ரகத்தையும் மரத்தையும் கை காட்டிச் சொல்வார்.

கவனிக்க வேண்டியவை

1. முற்றிய மாங்காயில் காம்பைச் சுற்றியுள்ள தோள் பகுதி புடைத்திருக்கும். பழத்தைக் காம்பருகே மோந்து பாருங்கள். மணம் இல்லாத மஞ்சளை நம்பாதீர்கள்.

2. தின்பதற்கு முன் ஒரு மணி நேரம் தண்ணீரில் போட்டு வைத்து நன்றாகக் கழுவுங்கள். காம்பில் வடியும் பால் உதட்டில் பட்டால் சிலருக்குப் புண்ணாகும். 'மாம்பழம் சூடு' என்று சொல்லும் பல தொந்தரவுகளுக்கு இந்தப் பால் ஒரு காரணம். ஊறவைத்தால் கல்லின் நஞ்சு போய்விடும் என்று மட்டும் எண்ண வேண்டாம்.

3. சர்க்கரை நோயாளிகளுக்கு: 100 கிராம் மாம்பழச் சதையில் ஏறக்குறைய 14 கிராம் சர்க்கரை இருக்கிறது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இருப்பவர்கள், தங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, மதியச் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து இரண்டு மூன்று துண்டு சாப்பிடலாம். சாறாகப் பிழிந்து குடிக்க வேண்டாம். மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம். கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள் இந்த வருடம் பிள்ளைகள் தின்பதைப் பார்த்துச் சந்தோஷப்படுங்கள்.

4. சிறுநீரக நோய் உள்ளவர்களுக்குப் பழங்களிலும் இளநீரிலும் உள்ள பொட்டாசியம் ஆபத்தாகலாம். கோடைதானே என்று சொந்தமாக முடிவெடுக்காதீர்கள்.

5. குழந்தைக்கு ஒரு வேளைக்கு ஒரு பழம் போதும். வாந்தியோ பேதியோ தொடர்ந்தால் கைவைத்தியத்தோடு காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

காத்திருந்தால் என்ன?

எல்லோரும் தோட்டத்து வாசலுக்குப் போனால் நகரத்துப் பழக்கடைக்காரர் பிழைப்பு என்னாவது என்று ஒரு நண்பர் கேட்டார். அவர் பிழைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவரிடமும் வைகாசியில் பழம் வாங்குங்கள். பங்குனியில் அவர் "புதுப் பழம் சார்" என்று நீட்டும்போது, "இப்ப வேண்டாம்ப்பா, வைகாசியில வாங்கிக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். பத்துப் பேர் அப்படிச் சொன்னால் பதினோராவது பெட்டிக்குக் கல் பொட்டலம் தேவைப்படாது. அதிகாரிகள் சோதனை நடத்தட்டும், அபராதம் போடட்டும், அவசியம்தான். ஆனால், அவர்கள் வருவது என்றோ ஒரு நாள். நாம் கடைக்குப் போவது தினம்.

இப்போது எங்கள் வீட்டுக் கனித் தட்டில் மாம்பழம் இல்லை. நத்தத்துத் தோப்பிலிருந்து வந்த மாங்காய் ஒன்று, இலையோடு, பச்சைப் பசேலென்று இருக்கிறது. இந்த வருடம் அதைப் பார்த்த பேத்தி கேட்டாள், "தாத்தா, இது எப்ப பழமாகும்?"

"பொறு கண்ணு. உங்க ஸ்கூல் லீவு பாதி முடியட்டும். தோப்புக்கே போய்த் தின்னுக்கலாம்" என்றேன்.

போனோம். பெரியவர் தன் கையாலேயே ஒரு செந்தூரத்தைக் கழுவி அவளிடம் கொடுத்தார். முழங்கை வரை சாறு வழியத் தின்றாள். அன்று ராத்திரி வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினோம்.