பொருத்தம் பார்த்தீர்களா?

மாணவத் தோழர்களே! சாதகப் பொருத்தத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. பத்துப் பொருத்தமும் பார்த்து நடந்த மணங்கள் கசப்பில் முடிந்ததையும், ஒன்றுமே பாராமல் உள்ளம் ஒன்றியவர்கள் இனிது வாழ்வதையும் நாம் கண்டிருக்கிறோம். ஆயினும், பொருத்தம் பார்த்தே தீரவேண்டிய இணைப்பு ஒன்று உண்டு. அது மேசைக் கணினியின் உறுப்புகளை ஒன்றுசேர்க்கும் இணைப்பு. அங்கே பொருத்தம் பாராதவன் பணத்தை இழப்பான். நான் இழந்தேன்.

"இதை எழுதத் தமிழ்ச் சங்க இதழ்தானா கிடைத்தது?" என்று சிலர் முகம் சுளிக்கலாம். பொங்கல் விழா நடத்துகிறோம். பேச்சுப் போட்டி வைக்கிறோம். நன்று. ஆனால் முதலாண்டில் வந்து சேரும் தம்பியும் தங்கையும் வீட்டாரின் சேமிப்பைக் கையில் வைத்துக்கொண்டு கடைத்தெருவில் திகைத்து நிற்கும்போது, சங்கம் எங்கே நிற்கிறது?

என் கதையையே சொல்லிவிடுகிறேன். திலக் நகரில் ஓர் அறையும் அடுக்களையும் கொண்ட வீடு எங்களுடையது. அங்கே கணினிக்கு ஒரு மூலையை ஒதுக்குவதே பெரிய முடிவு. என் தாயார் கட்டிவந்த சீட்டுப் பணம் கைக்கு வந்ததும், "படிப்புக்கு வேணும்னு சொன்னியே, போய் வாங்கிட்டு வா" என்று எடுத்துக் கொடுத்தார்கள். குர்லாவிலும் தாதரிலும் வண்டி மாறி, கிராண்ட் ரோடில் இறங்கி, லாமிங்டன் சாலைக்குப் போனேன். டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க் என்று அதற்குப் புதுப் பெயர் இருந்தாலும், 1903 முதல் 1907 வரை பம்பாய் ஆளுநராக இருந்த பிரபுவின் பெயரை மக்கள் இன்னும் விட்டபாடில்லை. மும்பையில் கணினி உறுப்பு வாங்குவோர் தேடிப்போகும் தெரு அது.

அங்கே நான் செய்த பிழை என்ன? ஒவ்வொரு கடையிலும் "எது நல்லது? எது மலிவு?" என்று கேட்டேன். "எதற்கு எது பொருந்தும்?" என்று ஓரிடத்திலும் கேட்கவில்லை. ஒரு கடையில் டி.டி.ஆர். 5 ராம் வாங்கினேன். நான்கைவிட ஐந்து பெரிதல்லவா? அடுத்த கடையில் மலிவாகக் கிடைத்த மதர்போர்டு டி.டி.ஆர். 4 ராமுக்கு உரியது. மூன்றாம் கடையில் இன்டெல் ஐ5-12400எஃப் என்னும் புராசசர்.

வீட்டுக்கு வந்தேன். ராம் அதன் இடத்தில் உட்கார மறுத்தது. இரண்டு வகைக்கும் தொடுமுனைகள் 288தாம். ஆனால் அடியிலுள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். மின்னழுத்தமும் வேறு. நான்காம் வகைக்கு 1.2 வோல்ட், ஐந்தாம் வகைக்கு 1.1 வோல்ட். தவறாகச் செருகிவிடக் கூடாது என்பதற்காகவே அந்த வெட்டு இடம் மாற்றி வைக்கப்பட்டது. மறுநாள் கடைக்கு ஓடினேன். உறை பிரித்த பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்றார்கள். பாதி விலைக்கு வேறோரிடத்தில் தள்ளிவிட்டு, பொருந்தும் ராமை வாங்கினேன்.

பொத்தானை அழுத்தினேன். விசிறி சுழன்றது; விளக்கு எரிந்தது; திரை மட்டும் இருண்டே கிடந்தது. எதிர்வீட்டு அண்ணன் வந்து பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். "தம்பி, கடைசியில இருக்கிற இந்த எஃப் எழுத்தைக் கவனிச்சியா? இதுக்குள்ள படம் காட்டுற பகுதி கிடையாது. தனியா கிராபிக்ஸ் கார்டு போட்டாத்தான் திரையில ஏதாவது தெரியும்" என்றார். ஓரெழுத்தொருமொழியை இலக்கண வகுப்பில் படித்தவன் நான். ஓரெழுத்து இவ்வளவு பொருள் தரும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்! ஒரு வெட்டும் ஓரெழுத்தும் சேர்ந்து ஏறக்குறைய 5,500 ரூபாயை விழுங்கின. அது என் பணமன்று. அம்மாவின் சீட்டுப் பணம்.

ஆகவே நான் கூறும் கருத்து இதுதான். கணினி என்பது உயர்ந்த உறுப்புகளின் குவியல் அன்று; ஒன்றோடொன்று ஒத்துப்போகும் உறுப்புகளின் கூட்டு. விலை உயர்ந்ததைத் தேடாதீர்கள், பொருந்துவதைத் தேடுங்கள்.

பல நிறுவனங்கள் செய்த உறுப்புகள் ஒரே பெட்டியில் ஒத்து இயங்குவது எதனால்? ஐ.பி.எம். நிறுவனம் 1981இல் தன் கணினியின் அமைப்பு விவரங்களைப் பிறர் அறிய வெளியிட்டது. பிறர் அதற்கேற்ற உறுப்புகளைச் செய்தனர். 1995இல் இன்டெல் வகுத்த 'ஏ.டி.எக்ஸ்.' அளவு, பலகையின் திருகுத் துளை எங்கே இருக்கவேண்டும் என்பது வரை வரையறுத்தது. பொருத்தம் தானாக வந்ததன்று. பலரும் ஓர் அளவை ஒப்புக்கொண்டதால் வந்தது.

ஆனால் அந்த ஒப்பந்தம் அடிக்கடி மாறும். இன்டெல்லின் 'எல்.ஜி.ஏ. 1151' இருக்கை 2015இல் வந்தது. 2017இல் வந்த எட்டாம் தலைமுறைப் புராசசருக்கும் அதே 1,151 தொடுமுனைகள். எனினும் பழைய பலகைகளில் அது இயங்குமாறு செய்யப்படவில்லை. உருவம் பொருந்தியும் உள்ளம் பொருந்தாத கதை! மறுபுறம், ஏ.எம்.டி.யின் 'ஏ.எம். 4' இருக்கைக்கென 2017இல் வந்த பலகைகளிற் பலவற்றில், பயாஸைப் புதுப்பித்தபின், 2020இல் வந்த ரைசன் 5000 வரிசையும் இயங்கிற்று. வாங்கும் நாளின் விலையை மட்டும் பார்ப்பவன் இந்த வேற்றுமையைக் காணான். மூன்றாண்டு கழித்து எதை மாற்றிக்கொள்ள முடியும் என்று பார்ப்பவனே ஏழை வீட்டுக்கு ஏற்ற பொருளாளன்.

இன்னொன்றும் சொல்வேன். கண்ணுக்குத் தெரியாத உறுப்பில் கஞ்சத்தனம் செய்யாதீர்கள். நம்மவர் கண்ணாடிப் பெட்டிக்கும் வண்ண விளக்குக்கும் செலவழித்துவிட்டு, மீதியில் பவர் சப்ளை வாங்குகிறார்கள். கிராபிக்ஸ் கார்டுக்கு அதன் இருக்கை தருவது 75 வாட். ஆறு ஊசி இணைப்பு 75 வாட். எட்டு ஊசி இணைப்பு 150 வாட். கார்டு எவ்வளவு கேட்கிறது, பவர் சப்ளையில் அந்த இணைப்பு உண்டா என்று முன்னரே பாருங்கள். கழற்றி மாட்டும் கம்பிகளை ஒரு பவர் சப்ளையிலிருந்து எடுத்து வேறொன்றில் செருகாதீர்கள். முனை ஒத்திருக்கும், உள்ளே மின்னோட்டம் வேறு வழியில் வரும், வட்டு கருகிவிடும்.

"கடைக்காரர் பார்த்துக்கொள்ள மாட்டாரா?" என்பார் ஒருவர். நேர்மையான கடைக்காரர் பலர் உண்டு. ஆயினும் அவர் தம்மிடம் இருப்பதைத்தான் விற்க முடியும். "மடிக்கணினி வாங்கினால் தொல்லை இல்லையே?" என்பார் மற்றொருவர். விடுதியில் இருப்போருக்கு அது சரியே. ஆனால் மேசைக் கணினியில் ஓர் உறுப்பு கெட்டால் அந்த உறுப்பை மட்டும் மாற்றலாம். பணம் சேரச் சேர ஒவ்வொன்றாக வளர்க்கலாம். தவணையில் வாழும் குடும்பத்துக்கு இதைவிட ஏற்றது எது?

புதிது வேண்டுமா என்பதையும் முதலில் கேளுங்கள். விண்டோஸ் 10க்கு வழங்கப்பட்ட பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அதனால் நல்ல கணினிகள் பல பழைய இரும்பாகக் கருதப்படுகின்றன. சுழலும் வட்டை நீக்கி எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தி, லினக்ஸை ஏற்றினால், கட்டுரை எழுதவும் நிரல் பழகவும் அவற்றிற் பல இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும்.

இறுதியாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். திங்களுக்கு ஒருநாள் மாலை, விவரம் அறிந்த அண்ணன்மாரும் அக்காமாரும் சங்க அறையில் அமரட்டும். வாங்கப் போகிறவர் தம் பட்டியலைக் கொண்டுவரட்டும். இருக்கை ஒத்ததா? ராம் வகை ஒத்ததா? திரைக்குப் படம் எங்கிருந்து வரும்? மின்சாரம் போதுமா? பலகையும் கார்டும் பெட்டிக்குள் அடங்குமா? இந்த ஐந்து பொருத்தம் போதும், பத்து வேண்டா. கால்மணி நேரத்தில் பார்த்துவிடலாம். செலவு ஒரு காசும் இல்லை.

அன்று என் பட்டியலை அப்படி ஒருவர் பார்த்திருந்தால், அம்மா கட்டிய சீட்டில் 5,500 ரூபாய் மிஞ்சியிருக்கும். அடுத்து வரும் தம்பிக்கும் தங்கைக்கும் அது மிஞ்சட்டும்.