கண்ணாடியில் வரைந்த குகை

1968-இல் வெளியான 'டேஞ்சர்: டயபாலிக்' படத்தில் நாயகனின் மறைவிடம் ஒன்று வரும். பூமிக்கு அடியில் பரந்து கிடக்கும் பிரம்மாண்டமான குகை. ஜாகுவார் கார் வழுக்கிக்கொண்டு இறங்கும் பாதை, அடுக்கடுக்காக மேடைகள், டாலர் நோட்டுகள் பரப்பிய வட்டக் கட்டில். இத்தனையும் ஒரு கொள்ளைக்காரனுக்கும் அவன் காதலிக்கும் மட்டும். முதல் தடவை பார்க்கிறவர், இந்த ஓர் அரங்கத்துக்கே தயாரிப்பாளர் சொத்தை விற்றிருப்பார் என்று நினைப்பார். அந்தக் குகையில் பெரும்பகுதி கட்டப்படவே இல்லை. இயக்குநர் மரியோ பாவா கேமராவுக்கு முன்னால் ஒரு கண்ணாடியை நிறுத்தினார். அதில் வரைந்தும், படங்களை வெட்டி ஒட்டியும் கூரையையும் பாறைச் சுவர்களையும் உண்டாக்கினார். காலியாக விட்ட இடத்தின் வழியே, தூரத்தில் நடமாடும் நடிகர்களைப் படம் பிடித்தார். கண்ணாடிக்கும் நடிகருக்கும் நடுவில் உள்ள தூரம் திரையில் தெரியாது. இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே இடமாகிவிடும்.

தயாரிப்பாளர் டினோ டி லாரென்டிஸ் இந்தப் படத்துக்கு ஒதுக்கிய தொகை 30 லட்சம் டாலர் என்றும், பாவா செலவழித்தது 4 லட்சம்தான் என்றும் சொல்வார்கள். மிச்சப் பணத்தில் இரண்டாம் பாகம் எடுக்கலாம் வாருங்கள் என்று கூப்பிட்டபோது பாவா மறுத்துவிட்டார். அவருடைய அப்பா யூஜெனியோ பாவா இத்தாலியின் மௌனப் படக் காலத்திலேயே தந்திரக் காட்சிகளில் கைதேர்ந்தவர். பிள்ளை அந்தப் பட்டறையில் வளர்ந்தவர். 1965-இல் 'பிளானட் ஆஃப் தி வாம்பயர்ஸ்' எடுத்தபோது, வேறு ஏதோ புராணப் படத்துக்குச் செய்து மிஞ்சிப்போன இரண்டு பிளாஸ்டிக் பாறைகள்தான் கையில் இருந்தன என்று அவரே சொல்லியிருக்கிறார். கண்ணாடிகளை வைத்து அந்த இரண்டையும் பலவாக்கி, தரை முழுக்கப் புகையைப் பரப்பி, சிவப்பும் பச்சையுமாக விளக்குகளைப் போட்டு ஒரு கிரகத்தையே காட்டினார். அந்தக் கிரகத்தில் கைவிடப்பட்ட விண்கலமும் அதற்குள் கிடக்கும் ராட்சத எலும்புக்கூடும், 1979-இல் வந்த 'ஏலியன்' படத்தைப் பார்த்தவர்களுக்கு உடனே அடையாளம் தெரியும்.

டயபாலிக்கில் எனக்கு மிகவும் பிடித்த இடம் மரகத மாலையைத் திருடும் கட்டம். கடலோரக் கோட்டை. செங்குத்தான மதில் மேல் வெள்ளை உடையில் பல்லிபோல ஏறி வருகிறான் டயபாலிக். அறையில் கண்காணிப்புக் கேமரா. அவன் என்ன செய்கிறான்? அந்த அறையையே ஒரு போலராய்டு படமெடுத்து, அதைக் கேமராவின் முன்னால் வைத்துவிடுகிறான். காவலர்கள் வெற்று அறையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். இவன் சாவகாசமாக வேலையை முடிக்கிறான். பாவா படம் முழுக்க நமக்குச் செய்வதும் இதைத்தான். லென்சின் முன்னால் ஒரு படத்தை நிறுத்தி நம்மை நம்ப வைக்கிறார். தன் வித்தையின் சூத்திரத்தை நாயகன் கையில் கொடுத்து, நம் கண்ணெதிரே செய்துகாட்டும் துணிச்சல் அவருக்கு இருந்தது.

டயபாலிக் மிலான் நகரத்துச் சரக்கு. ஏஞ்செலா, லூசியானா ஜியுசானி என்ற சகோதரிகள் 1962-இல் தொடங்கிய காமிக்ஸ். வேலைக்கு ரயிலில் போய்வருகிறவர்கள் படித்துவிட்டுச் சட்டைப் பையில் செருகிக்கொள்ளும் அளவில் அச்சிட்டார்கள். தமிழில் லயன், முத்து காமிக்ஸ் வாசிக்கிறவர்களுக்கும் இவன் பழக்கமானவன். சிவகாசியிலிருந்து வந்த அந்தப் புத்தகங்களோடு வளர்ந்தவர்களுக்கு இந்தப் படங்கள் எளிதில் பிடிபடும் என்பது என் எண்ணம். சாணித்தாளில், கோட்டைத் தாண்டி நிறம் வழிந்து கிடக்கும் பக்கத்தில், ஒரு முகமூடிக்காரன் மாடி விட்டு மாடி தாவுவதைப் பார்த்து நெஞ்சு படபடத்தவர்கள் நாம். தாள் மட்டமாக இருந்ததால் அந்தத் தாவல் குறைந்துபோகவில்லை.

இப்படி மலிவாக எடுக்கும் 'பி படங்கள்' பிறந்ததே கணக்குப் புத்தகத்தில்தான். 1930-களின் பொருளாதார மந்தத்தில் கூட்டத்தை இழுக்க அமெரிக்கத் திரையரங்குகள் ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் காட்டத் தொடங்கின. பெரிய படத்துக்கு வசூலில் பங்கு. கூடவே ஓடும் சின்னப் படத்துக்குக் கட்டுத்தொகை. எத்தனை பேர் பார்த்தாலும் வருமானம் கூடாது என்றால், செலவைக் குறைப்பதில்தான் லாபம். பழைய அரங்கம், வாடகைக்கு எடுத்த உடை, சில நாள் படப்பிடிப்பு. அந்த முறை பின்னாளில் ஒழிந்துபோனாலும் அந்தச் சிக்கனம் ஒழியவில்லை. ரோஜர் கோர்மன் அதை ஒரு கலையாகவே வளர்த்தார். 1960-இல் அவர் எடுத்த 'தி லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்' படத்தின் முக்கியப் பகுதி இரண்டே நாளில் முடிந்தது. அதில் பல் வைத்தியரிடம் வலியை ரசிக்க வரும் நோயாளியாக இளம் ஜாக் நிக்கல்சன் வருவார். கப்போலா, ஸ்கோர்செசி, ஜேம்ஸ் கேமரூன் எல்லாரும் கோர்மனிடம் குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்த்துத் தொழில் கற்றவர்கள். 2009-இல் அவருக்குக் கௌரவ ஆஸ்கர் கொடுத்தார்கள். 2024-இல் தமது 98-ஆம் வயதில் காலமானார்.

இந்தப் படங்களைக் கேலி செய்வதற்காகவே பார்க்கும் ஒரு பழக்கம் இருக்கிறது. அதை என்னால் ஒருநாளும் ஏற்க முடிந்ததில்லை. 1980-இல் மெட்வெட் சகோதரர்கள் தங்கள் புத்தகம் ஒன்றில் எட் வுட் எடுத்த 'பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' படத்துக்கு உலகிலேயே மோசமான படம் என்று பட்டம் கட்டினார்கள். அன்றிலிருந்து அதைப் பார்ப்பவர்கள் சிரிக்கவென்றே உட்காருகிறார்கள். படத்தில் சில நிமிடங்களே வரும் பெலா லுகோசி ஒரு காலத்தில் டிராகுலாவாக உலகை நடுங்க வைத்தவர். கடைசிக் காலத்தில் போதைப் பழக்கத்திலும் வறுமையிலும் கிடந்தார். எட் வுட் அவரை வைத்துச் சில காட்சிகளைப் பிடித்து வைத்திருந்தார். 1956-இல் லுகோசி இறந்தார். அந்தக் காட்சிகளை வீணாக்க மனமில்லாமல் அவற்றைச் சுற்றி எட் வுட் ஒரு முழுப் படத்தையே கட்டினார். மீதிக் காட்சிகளில் லுகோசிக்குப் பதிலாக ஒரு முதுகெலும்பு வைத்தியர் அங்கியால் முகத்தை மறைத்துக்கொண்டு நடப்பார். உயரம், உடல்வாகு எதுவும் ஒத்துப்போகாது. அந்த இடத்தில் அரங்கம் அதிரச் சிரிக்கும். எனக்கு அங்கே தெரிவது, இறந்துபோன நண்பரைத் திரையில் இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்கப் பார்க்கும் ஒருவர்.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'மிஸ்டரி சயன்ஸ் தியேட்டர் 3000' என்று ஒரு நிகழ்ச்சி இருந்தது. ஓடும் படத்தின் கீழ்வரிசையில் ஒரு மனிதனும் இரண்டு ரோபோக்களும் நிழலுருவமாக உட்கார்ந்து விடாமல் கிண்டலடிப்பார்கள். கெட்டிக்காரத்தனமான நிகழ்ச்சிதான். பல மட்டமான படங்கள் அதனால்தான் பிழைத்தன என்பதையும் மறுக்கமாட்டேன். ஆனால் 1999-இல் பழைய தொடர் முடிந்தபோது கடைசியாக அவர்கள் எடுத்துக்கொண்ட படம் டயபாலிக். அந்தக் குகையைப் பார்த்தும் ஒருவருக்குச் சிரிக்கத் தோன்றினால், கண் அவ்வளவு சீக்கிரம் பழுதாகிவிட்டதே என்று எனக்கு வேதனையாக இருக்கும்.

மலிவாக எடுத்த எல்லாப் படமும் நல்ல படம் என்று சொல்லவில்லை. பெரும்பாலானவை சலிப்பூட்டுபவை. பெண்ணுடம்பைக் காட்டிக் காசு பார்க்க எடுத்தவை ஏராளம். நூறில் தொண்ணூறை விட்டுத் தள்ளலாம். மீதியைப் பிரித்தெடுக்க நான் பார்ப்பது ஒன்றைத்தான்: எடுத்தவர் தன் கதையை நம்பினாரா? காமிக்ஸிலிருந்து வந்த படங்களில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். பெரிய பணம் போடுகிறவர்களுக்குக் காமிக்ஸைக் கண்டால் ஒரு கூச்சம். 2000-இல் வந்த 'எக்ஸ்-மென்' படத்தில் எல்லாருக்கும் கறுப்புத் தோலுடை மாட்டிவிட்டு, மஞ்சள் உடை கேட்டிருப்பாயோ என்று வுல்வரினை இன்னொரு பாத்திரம் சீண்டும்படி வசனமும் வைத்தார்கள். காமிக்ஸில் அவன் பல காலமாக அணிந்த நிறமே மஞ்சள்தான். அந்த மஞ்சளை, வுல்வரினாக நடித்த ஹியூ ஜேக்மன் திரையில் முழுதாக அணிய 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அணிந்த அன்றைக்கு அரங்குகளில் கைதட்டல்.

இந்தக் கூச்சம் துளியும் இல்லாத படம் 1980-இல் வந்த 'ஃப்ளாஷ் கார்டன்'. இதற்கும் டி லாரென்டிஸ்தான் தயாரிப்பாளர். அலெக்ஸ் ரேமண்ட் 1934-இல் வரையத் தொடங்கிய இந்தத் தொடரைப் படமாக்க ஜார்ஜ் லூகாஸ் ஆசைப்பட்டு, உரிமை கிடைக்காமல்தான் 'ஸ்டார் வார்ஸ்' எழுதினார். லூகாஸுக்கு அந்தப் படத்தை ஒளிப்பதிவு செய்த கில்பர்ட் டெய்லரே இங்கேயும் கேமரா பிடித்தார். இந்தப் படத்துக்குக் காசுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் பி படத்தின் ரத்தம்தான் அதில் ஓடுகிறது. ஃபெலினியின் படங்களுக்கு உடையும் அரங்கும் அமைத்த டனிலோ டொனாட்டி சிவப்பையும் தங்க நிறத்தையும் வாரி இறைத்திருக்கிறார். வானம் நீலமாக இல்லாமல் ஆரஞ்சும் ஊதாவுமாகக் கலங்கிச் சுழலும். அரண்மனைக்குள் நாயகன் முட்டை வடிவ உலோகத்தை அமெரிக்கக் கால்பந்துபோலக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காவலர்களை மோதிச் சாய்ப்பான். பின்னணியில் குவீன் இசைக்குழு. படத்தின் இயக்குநர் மைக் ஹாட்ஜஸ் அதற்கு முன் 'கெட் கார்ட்டர்' என்ற இறுகிய குற்றப் படம் எடுத்தவர். இதில் ஒரு ஃப்ரேமில்கூடத் தன்னை இந்தக் கதைக்கு மேலானவராகக் காட்டிக்கொள்ளவில்லை.

பேரரசன் மிங் வேடத்தில் மேக்ஸ் வான் சிடோ. பெர்க்மன் படத்தில் மரணத்தோடு சதுரங்கம் ஆடியவர். அதே முகத்தோடு, அதே நிதானத்தோடு இங்கே ஒரு கிரகத்தை அழிக்க உத்தரவிடுகிறார். எனக்கு அந்தப் பாத்திரத்தோடு ஒரு பிணக்கு உண்டு. 'கிழக்கத்திய ஆபத்து' என்று ஆசியர்களைக் காட்டிப் பயமுறுத்திய காலத்தின் கேலிச்சித்திரம் மிங். 2020-இல் பிரிட்டிஷ் திரைப்பட வகைப்பாட்டு வாரியமும் படத்துக்கு அப்படியொரு எச்சரிக்கையைச் சேர்த்தது. சரியான செயல். படத்தை நேசிக்கிறவர்கள் அதையும் தெரிந்துகொண்டே நேசிக்க வேண்டும்.

இனி, யாருமே முறைப்படி பார்க்க முடியாத ஒரு படம். ஜெர்மனியைச் சேர்ந்த தயாரிப்பாளர் பெர்ன்ட் ஐக்கிங்கர் 1986-இல் மார்வல் காமிக்ஸ் நிறுவனத்திடம் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' படமாக்கும் உரிமையை வாங்கினார். 1992 டிசம்பர் 31-க்குள் படப்பிடிப்பு தொடங்காவிட்டால் உரிமை கைவிட்டுப் போகும். பெரிய பணம் புரளவில்லை. கோர்மனிடம் போனார். ஏறத்தாழ 10 லட்சம் டாலரில், கெடுவுக்குச் சில நாள் முன்பு, கலிபோர்னியாவின் வெனிஸில் இருந்த கோர்மனின் ஸ்டுடியோவில் கேமரா ஓடத் தொடங்கியது. இயக்குநர் ஓலி சசோன். நாயகர் நால்வரில் ஒருவரான ரீட் ரிச்சர்ட்ஸின் நீளும் கை, கம்பில் மாட்டிய கையுறை. கடைசிக் காட்சியில் திருமணக் காரின் கூரைத் திறப்பு வழியே அந்தக் கை நீண்டு வந்து டாட்டா காட்டும். நால்வரில் இன்னொருவரான நெருப்பு மனிதன் முழுதாகப் பற்றியெரியும்போது நடிகர் மறைந்து கார்ட்டூன் வந்துவிடும். ஆனால் பாறை மனிதன் 'தி திங்'கின் ரப்பர் முகத்தைப் பாருங்கள். அதில் சோகம் தெரியும். வில்லன் டாக்டர் டூம் வேடத்தில் ஜோசப் கல்ப், அசையாத முகமூடிக்குள் இருந்துகொண்டு இரண்டு கைகளாலும் பேசுவார்.

உரிமையைக் காக்கப் பெயரளவுக்கு எடுத்த படம் இது என்று பின்னாளில் சொன்னார்கள்; இதில் வேலை பார்த்தவர்களுக்கு அப்படியொரு எண்ணமே இல்லை. முழுநீளப் படம் எடுக்கிறோம் என்றே நம்பினார்கள். இசையமைப்பாளர்கள் சொந்தக் காசைப் போட்டு நிஜ வாத்தியக் குழுவை வைத்துப் பதிவு செய்தார்கள். நடிகர்கள் தங்கள் செலவில் காமிக்ஸ் மாநாடுகளுக்குப் போய் விளம்பரம் செய்தார்கள். 1994 ஜனவரியில் மினசோட்டாவில் முதல் காட்சி என்று நாள்கூடக் குறித்தாகிவிட்டது. திடீரென்று எல்லாம் நின்றது. இந்தப் படம் வெளியானால் மார்வலின் பெயர் மலிந்துவிடும் என்று பயந்து, படத்தை விலை கொடுத்து வாங்கி அழிக்கச் சொன்னதாக மார்வலின் திரைப்பட முயற்சிகளை முன்னின்று நடத்திய அவி அராட் பின்னாளில் கூறினார். ஐக்கிங்கர் தக்கவைத்த அதே உரிமையில்தான் 2005-இல் சுமார் 10 கோடி டாலரில் பெரிய படம் வந்தது. சின்னப் படத்தின் கள்ளப் பிரதிகள் மட்டும் மாநாட்டுக்கு மாநாடு கைமாறி உயிர் தப்பின. இன்று மங்கிப்போன அந்தப் பிரதியைத் தேடிப் பார்க்கிறவர்களுக்கு, மங்கல் எது, படப்பிடிப்பின் குறை எது என்று பிரித்தறிய வழியில்லை. அந்தக் கலைஞர்களுக்கு இழைத்த அநீதியில் இதுதான் பெரியது என்பேன். பார்த்து முடிவு செய்யும் வாய்ப்பையே பறித்துக்கொண்டு, மோசமான படம் என்ற பெயரை மட்டும் ஒட்டிவிட்டார்கள்.

2025-இல் வெளிவந்த 'தி ஃபென்டாஸ்டிக் ஃபோர்: ஃபர்ஸ்ட் ஸ்டெப்ஸ்' படத்தில் அந்தப் பழைய நால்வரும் சில நொடிகள் தலைகாட்டினார்கள். அது நல்ல மரியாதை. ஆனால் முழுக் கடனும் அதோடு தீர்ந்துவிடாது. இப்போது மார்வலிடம் பணத்துக்கும் பெயருக்கும் குறைவில்லை. 1994-இன் படத்துக்கு நெகடிவ் எங்காவது மிஞ்சியிருந்தால் அதைச் சுத்தம் செய்தும், இல்லாவிட்டால் இருப்பதில் நல்ல பிரதியைக் கொண்டும், உழைத்தவர்கள் பெயரோடு முறைப்படி வெளியிட வேண்டும். பெரிய திரையில் ஒரு வாரம் ஓடினால் போதும். டிக்கெட் எடுக்க நான் தயார். நீங்களும் வாருங்கள்.