தார் போட்ட பாதைன்னா அவ்வளவு இளக்காரமா?

நம்ம பே ஏரியா தமிழ் மக்கள்கிட்ட ஒரு வியாதி இருக்கு. மூச்சு வாங்கினா தான் இயற்கை, முட்டி தேஞ்சா தான் ட்ரெயில். யொசெமிட்டில ஹாஃப் டோம் ஏறிட்டு வந்து (அதுக்கு லாட்டரில பெர்மிட் வேற விழணும்) 4,800 அடி ஏறின கதைய நாலு பாகமா எழுதுவாங்க. எழுதுங்க சாமி, நானும் "கலக்கல்!"னு பின்னூட்டம் போட்டவன் தான். ஆனா மவுண்டன் வியூ ஸ்டீவன்ஸ் க்ரீக் ட்ரெயில்னு பேச்செடுத்தா மட்டும், "அது ரோடுப்பா, அதெல்லாம் ட்ரெயிலா?"ன்னு ஒரு நக்கல் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குத் தான் இந்தப் பதிவு.

ஆமாங்க, ரோடு தான். தார் போட்டது தான். மவுண்டன் வியூக்குள்ள சுமார் 5 மைல். பக்கத்துலயே 85 நெடுஞ்சாலை இரையும். கோடையில பல இடத்துல ஓடையில தண்ணியும் இருக்காது. ஆனா வடக்கால நடந்து 101-ஐ தாண்டிட்டீங்கன்னா ஒரு பக்கம் மாஃபெட் ஃபீல்டோட ராட்சச ஹேங்கர், இன்னொரு பக்கம் ஷோர்லைன், எதிர்ல வளைகுடா. கொக்கு, உள்ளான், வெள்ளைக் கூழைக்கடா எல்லாம் சர்வசாதாரணமா நிக்கும். ஷோர்லைன் ஒரு காலத்துல குப்பைமேடுங்கறத யாராவது சொன்னா தான் தெரியும்.

இங்க யார் நடக்குறாங்கன்னு ஒரு நாள் பாருங்க. ஊர்லேர்ந்து ஆறு மாச விசால வந்த அப்பா அம்மாக்கள். கார் ஓட்டத் தெரியாது, பஸ் புரியாது, புள்ளைங்க ஆபீஸ்ல ஆணி புடுங்கப் போயாச்சு, அபார்ட்மெண்ட் கார்ப்பெட்ல உக்காந்து பழைய சீரியல். எங்கம்மாவுக்கு முட்டி வலி. மிஷன் பீக்குக்கா கூட்டிட்டுப் போக முடியும்? ஓடையோரம் காடா வளர்ந்து கெடந்த ஒரு செடிய கசக்கி மோந்து பாத்துட்டு, "டேய், சோம்பு வாசனைடா"ன்னாங்க. காட்டுச்சோம்பு தான் அது. வந்து மூணு வாரத்துல அவங்களா சந்தோஷமா பேசின முதல் விஷயம் அது.

அடுத்து சக்கர நாற்காலி. மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்கச் சட்டம் 1990ல வந்துச்சு. அதுக்கான விதிப்படி 20 அடி போறதுக்குள்ள 1 அடிக்கு மேல ஏறினா, அது நடைபாதை இல்ல, சாய்தளக் கணக்குல வந்துடும். மலையேறுறவருக்கு அது வெறும் எண்ணு. கையால சக்கரத்தத் தள்ளிக்கிட்டு வர்றவருக்கு, அன்னிக்கு வெளிய போறதா வேணாமாங்கறதே அதுல தான் இருக்கு. இதப் போய் ரோடுன்னு நக்கல் பண்றீங்களே, அந்த ரோடு இல்லன்னா அவர் எங்க போவாரு?

"தார் போட்டா இயற்கை கெட்டுடும், மண்பாதையாவே விடணும்"னு ஒரு கோஷ்டி. இத நான் ஒதுக்கித் தள்ளல. இந்த ஓடையில ஸ்டீல்ஹெட் மீன் இருக்கு, 1997லேர்ந்து அழியும் அபாயப் பட்டியல்ல இருக்கு. அதனால தண்ணிய விட்டுத் தள்ளிப் போடு, நிழல் தர்ற மரத்த வெட்டாத, சரி. ஆனா 1935லயே மேல அணை கட்டி, பக்கத்துல நெடுஞ்சாலையும் போட்டாச்சு. மீனுக்கு வழிய மறிச்சது அந்த அணை, எங்கம்மாவோட செருப்பு இல்ல. (இந்த விஷயத்துல நாமளும் லேசுப்பட்டவங்க இல்ல. சென்னைல பக்கிங்ஹாம் கால்வாய்க்குள்ளயே பறக்கும் ரயில் தூணை நட்டவங்க.)

எனக்கு நிஜமாவே எரிச்சல் சைக்கிள் சூரர்கள் மேல தான். பின்னாடியிருந்து "ஆன் யுவர் லெஃப்ட்!"னு கத்திக்கிட்டே பறக்குறான். நம்ம அம்மாக்களுக்கு அதுல லெஃப்ட் மட்டும் தான் காதுல விழும். கரெக்டா இடது பக்கமே நகருவாங்க. மணி அடிச்சு மெதுவாப் போனா குடியா முழுகிடும்?

இத விடப் பெரிய வயித்தெரிச்சல் ஒண்ணு இருக்கு. கூப்பர்டினோவுல மெக்லெல்லன் ராஞ்ச், பிளாக்பெரி ஃபார்ம் பக்கம் இதே ஓடையோரமா இன்னொரு துண்டுப் பாதை இருக்கு. நடுவுல சன்னிவேல், லாஸ் ஆல்டோஸ் பக்கம் வந்தா பாதை விட்டுப் போயிடுது. நாலு ஊரும் சேர்ந்து செஞ்ச ஆய்வு 2015ல வந்துச்சு. உடனே பக்கத்து வீட்டுக்காரங்க எதிர்ப்பு. தனிமை போயிடுமாம், திருட்டு வருமாம். வீடு வாங்கி மூணு மாசம் கூட ஆகாத நம்மாளு ஒருத்தரும் இதே வசனத்த எங்கிட்ட ஒப்பிச்சாரு. அவங்கப்பா வாக்கர் வச்சு நடக்குறவரு! அவர் எங்க சார் நடக்குறாருன்னு கேட்டேன். காஸ்ட்கோ உள்ளயாம்.

இந்த ஓடைக்குப் பேர் வந்ததே எலிஷா ஸ்டீஃபன்ஸால தான் (எழுத்துப்பிழையோட ஸ்டீவன்ஸ் ஆயிடுச்சு). 1844ல சியரா நெவாடா மலையத் தாண்டி முதன்முதலா சக்கர வண்டிகளக் கொண்டு வந்த கூட்டத்துக்குத் தலைவர் அவரு. அவர் பேர் வச்ச ஓடையோரமா ஒரு சக்கர நாற்காலி நாலு ஊர் தொடர்ச்சியாப் போக முடியல.

அடுத்த தடவை உங்க ஊர் கவுன்சில்ல இது விவாதத்துக்கு வந்தா ஒரு மெயில் தட்டி விடுங்க மக்களே. ஓட்டுரிமை இல்லன்னாலும் கருத்து சொல்லலாம். ஹாஃப் டோம் லாட்டரிக்கு ஃபார்ம் நிரப்புற நேரம் கூட ஆகாது.